பல்கலைக்கழகமும் தொழிற்துறையும்: பெற்றோரும் இளையோரும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கனடாவில் தை மாதம் பிறக்கும்போது, பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பல்கலைக்கழக விண்ணப்பமே முதன்மையான பேச்சாக இருக்கும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, எத்தனை புள்ளிகள் தேவை என்பன விரிவாக அலசப்படுகின்றன. ஆனால் அப்பல்கலைக்கழகம் தொழிற்துறையுடன் எத்தகைய உறவைக் கொண்டுள்ளது, அந்த உறவில் மாணவருக்குரிய உரிமைகள் யாவை என்ற கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. இன்றைய உலகில் ஒரு பட்டதாரியின் எதிர்காலத்தை நிர்ணயிப்பதில், பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நிகரான பங்கு இந்த உறவுக்கும் உண்டு.

இவ்வுறவின் வலிமைக்கு ஒன்ராறியோ மாகாணத்தின் வோட்டர்லூ பல்கலைக்கழகம் சிறந்த சான்றாகும். 1956ஆம் ஆண்டு, கனடாவின் பி.எஃப். குட்ரிச் ரயர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஐரா நீடில்ஸ், அந்நகர றோட்டரிக் கழகத்தில் ஆற்றிய உரையில், கனடாவுக்கு 150,000 பொறியியலாளர்கள் தேவை என்றும், வகுப்பறையிலும் தொழிற்சாலையிலும் மாறிமாறிப் பயிலும் முறையே அதற்கு வழி என்றும் வாதிட்டார். அமெரிக்காவின் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தில் 1906இலேயே இம்முறை தொடங்கப்பட்டிருந்த போதிலும், கனடாவுக்கு அது புதிது. மறு ஆண்டு, 1957இல், எழுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களுடன் வோட்டர்லூவில் வகுப்புகள் ஆரம்பமாகின. இன்று 'கோ-ஒப்' என அழைக்கப்படும் இக்கூட்டுறவுக் கல்வியில், அங்கு 20,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பயில்கின்றனர். நான்கு மாதங்கள் படிப்பு, நான்கு மாதங்கள் வேலை என மாறிமாறிப் பயிலும் பொறியியல் மாணவர் ஒருவர், பட்டம் பெறும்போது ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலை அனுபவத்துடன் வெளியேறுகின்றார்.

இதனால் தொழில் நிறுவனங்கள் அடையும் பயனும் பெரிது. ஒரு மாணவரை நிரந்தரமாக வேலைக்கு அமர்த்துவதற்கு முன்னரே அவரது திறனை அறிந்துகொள்ள அவற்றுக்கு வாய்ப்புக் கிடைக்கின்றது. ஒன்ராறியோ அரசும் ஒவ்வொரு கோ-ஒப் வேலைக் காலத்திற்கும் 3,000 டொலர் வரையில் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை வழங்குகின்றது. ஆதலால் பல ஊழியர்களை அமர்த்த வசதியற்ற சிறு நிறுவனங்களும் இளம் ஆற்றலைப் பெற முடிகின்றது.

பல்கலைக்கழகத்தின் பங்கு ஆளணியை வழங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. 1980களின் நடுப்பகுதியில், ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியைக் கணினியில் ஏற்றும் பெரும்பணியில் வோட்டர்லூ பல்கலைக்கழகம் பங்காளியானது. அவ்வளவு பெரிய நூலுக்குள் ஒரு சொல்லை நொடியில் தேடுவது எவ்வாறு என்பதே அங்கிருந்த கணினி அறிவியலாளர்கள் முன்னிருந்த சிக்கல். அச்சிக்கலுக்குக் கண்ட தீர்விலிருந்து 1991இல் பிறந்த 'ஓப்பன் ரெக்ஸ்ற்', பின்னர் கனடாவின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. சொற்களை ஆராயும் பணியிலிருந்து வணிகம் பிறக்கும் என்று அன்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? மொழித்துறையில் ஆர்வமுள்ள பிள்ளையிடம் "இதைப் படித்து என்ன பயன்?" எனக் கேட்கும் பெற்றோர் இவ்வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும், இவ்வுறவில் நன்மைகளை மட்டும் காண்பது போதாது. இளையோரும் பெற்றோரும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

முதலாவது, கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பது. வோட்டர்லூவில், பொதுவாக ஆக்கியவருக்கே அது உரியது. ஒப்பந்த அடிப்படையில் நடைபெறும் ஆய்வுகள் போன்றவை இதற்கு விதிவிலக்கு. ஆனால் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. கூகிளின் அடித்தளமான தேடல் முறைக்குரிய காப்புரிமை, மாணவர்களாக இருந்த அதன் நிறுவனர்களிடம் அன்றி அப்பல்கலைக்கழகத்திடமே இருந்தது. அதனைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஈடாகப் பெற்ற கூகிள் பங்குகளை விற்றதன் மூலம், 2005ஆம் ஆண்டளவில் ஸ்ரான்போர்ட் 33 கோடி டொலருக்கும் மேல் ஈட்டியது. இரு முறைகளிலும் வெற்றி பெற்ற நிறுவனங்கள் தோன்றியுள்ளன. ஆயினும் எந்த முறையின் கீழ் தாம் உழைக்கின்றோம் என்பதை மாணவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம். கோ-ஒப் வேலையின்போது எழுதும் மென்பொருளின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வேலை கொடுப்பவருக்கே உரியது என்பது கனடாவின் சட்டம் என்பதையும் இளையோர் மறத்தலாகாது.

இரண்டாவது, உழைப்புக்கு ஊதியம் உண்டா என்பது. குறைந்தபட்ச ஊதியம் முதலியவற்றை வரையறுக்கும் ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டம், பல்கலைக்கழகம் அங்கீகரித்த பயிற்சித் திட்டங்களின் கீழ் வேலை செய்யும் மாணவர்களுக்குப் பொருந்துவதில்லை. பொறியியல், கணினித் துறைகளில் ஊதியம் வழங்கப்படுவது வழமையாயினும், ஊதியமற்ற பயிற்சிகள் நிலவும் துறைகளும் உள்ளன. வாடகையும் உணவுச் செலவும் கொடுத்து, ஊதியமின்றி நான்கு மாதங்கள் உழைக்க வசதியான வீட்டுப் பிள்ளைகளால் இயலும். இரண்டு வேலை செய்து குடும்பத்தைக் காக்கும் ஏதிலிப் பெற்றோரின் பிள்ளைகளால் இயலுமா? அனுபவத்தின் வாயில் செல்வந்தருக்கு மட்டும் திறந்திருக்குமானால், அங்கே சமவாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, உண்மையைப் பேசும் சுதந்திரம் உண்டா என்பது. இதுவே மிகவும் முக்கியமானது. 1990களில் ரொறன்ரோவின் சிறுவர் மருத்துவமனையில், தலசீமியா என்னும் இரத்த நோய்க்கான மருந்தொன்றை மருத்துவர் நான்சி ஒலிவியேரி ஆராய்ந்தார். அவர் ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியருமாவார். மருந்தின் பாதகம் குறித்து ஐயம் எழுந்தபோது அதனை நோயாளர்களுக்குத் தெரிவிக்க அவர் முற்பட்டார். ஆய்வுக்கு நிதியளித்த மருந்து நிறுவனமோ 1996இல் ஆய்வை நிறுத்தியதுடன், இரகசியக் காப்பு உடன்பாட்டைக் காட்டிச் சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாகவும் எச்சரித்தது. அதே காலத்தில் அந்நிறுவனத்திடமிருந்து பெரும் நன்கொடை பெறுவதற்கான பேச்சுகளில் பல்கலைக்கழகம் ஈடுபட்டிருந்தது. 2001இல் வெளியான சுதந்திர விசாரணை அறிக்கை அவரது பக்கமே நியாயம் எனக் கண்டதோடு, மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் அவருக்குத் தக்க துணையாக நிற்கவில்லை என்றும் சுட்டிக்காட்டியது. நிதி அளிப்பவர் பேசும் உரிமையையும் சேர்த்து வாங்கிவிட்டால், அங்கு ஆராய்ச்சி என்ற பெயரில் நடைபெறுவது விளம்பரமே.

பல்கலைக்கழகங்கள் தொழிற்துறையிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. அவ்வாறு விலகி நின்றிருந்தால் வோட்டர்லூ என்ற சிறு நகரம் உலகறிந்த தொழில்நுட்ப மையமாக மலர்ந்திராது. உறவு தேவை, ஆனால் அது எழுத்தில் தெளிவாகவும் நியாயமாகவும் அமைந்திருத்தல் வேண்டும்.

புலம்பெயர்ந்த தமிழ்ச் சமூகம் கல்வியையே தனது முதலீடாகக் கொண்ட சமூகம். ஊரில் காணியும் வீடும் இழந்து வந்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பே சொத்தாயிற்று. சொத்து வாங்கும்போது உறுதியைப் பலமுறை வாசித்துப் பார்க்கும் பெற்றோர், பிள்ளையின் உழைப்பும் அறிவும் கைமாறும் ஒப்பந்தத்தை வாசிக்காமல் விடலாமா? பல்கலைக்கழகங்களின் திறந்த நாள் நிகழ்வுகளுக்குச் செல்வோர், விடுதி வசதிகளையும் கட்டடங்களையும் பார்ப்பதோடு அமையாது, கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம், ஊதியம் உண்டா, முடிவுகளை வெளியிடும் உரிமை உண்டா என மூன்று கேள்விகளையும் கேட்டுத் திரும்ப வேண்டும். இளையோரும் கையொப்பம் இடுவதற்கு முன்னர் ஒப்பந்தத்தை முழுமையாக வாசிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும். மாணவர் தம் உரிமையை அறிந்து உள்ளே செல்லும் இடத்தில்தான் பல்கலைக்கழகத்திற்கும் தொழிற்துறைக்கும் இடையிலான உறவு மூவருக்கும் பயன் தரும்.