எடையில் தவறாத நாம் வெளிச்சத்தில் தவறலாமா?



இன்று கணியூர் கடைவீதியில் மட்டுமல்ல, மடத்துக்குளம், உடுமலை என்று எங்கு பார்த்தாலும் மளிகைக் கடை அலமாரிகளில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் எனப்படும் பட்டை விளக்குகள் எரிகின்றன. மின்கட்டணம் குறைகிறது, கடையும் பளிச்சென்று இருக்கிறது. இதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எந்த விளக்கை வாங்குவது, எங்கே ஒட்டுவது என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. நாமும் யோசிக்காமல்தான் இருந்தோம். நமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது ஒரு பொம்மை ரயில்.

சென்ற நவராத்திரிக்கு நம் வீட்டுக் கொலுவில் பேரன் ரயில் விட்டான். சாவி கொடுத்தால் ஓடும் ரயில் அல்ல. அசல் ரயிலில் 87இல் ஒரு பங்கு அளவுக்குச் செய்த மின்சார ரயில். தண்டவாளத்தின் அகலமே 16.5 மில்லிமீட்டர்தான். மேல்நாடுகளில் பெரியவர்களே இதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் புனேயில் ஜோஷி என்பவரின் சிறு ரயில் காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001இல் திறந்த காட்சியகத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பகல் முடிந்து இரவு வந்து, குட்டி ஊர்களில் விளக்கெரியுமாம். அதைப் படத்தில் பார்த்துவிட்டுப் பேரனும் ஒரு ஸ்ட்ரிப் சுருள் வாங்கி வந்து, கொலுவின் பின்சுவரில் ஒட்டினான்.

ஒட்டியதும் கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வெளிச்சம் நம் கண்ணில் குத்தியது; பொம்மைகளின் முகமோ இருட்டாக இருந்தது. 5 மீட்டர் சுருளின் தலைப்பக்கம் பளீரென்றும், வால்பக்கம் மங்கலாகவும் எரிந்தது. விளக்குக்கு ரயிலின் மின்சாரத்தையே இழுத்திருந்ததால், வண்டி மெதுவாகப் போனால் விளக்கும் அணைந்து வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீட்டர்கேஜ் காலத்து உடுமலை வண்டி மாதிரி அவன் செங்காவி பூசி வைத்திருந்த பெட்டிகள் மண் நிறத்தில் தெரிந்தன.

நம் எலக்ட்ரீஷியன் வந்து காரணம் சொன்னார். பட்டையில் ஓடும் செப்புத் தகடு மிக மெல்லியது. 12 வோல்ட் மின்சாரம் போகப் போகக் குறையும். ஆகவே இரண்டு முனையிலும் வயர் கொடுக்க வேண்டும். விளக்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். பட்டையைப் பின்னால் ஒட்டாமல், முன்பக்கம் மேலே ஓர் அட்டைக்குப் பின்னால் மறைத்து, உள்நோக்கித் திருப்ப வேண்டும். விளக்கு கண்ணில் படக் கூடாது, வெளிச்சம் பொருளில் விழ வேண்டும் என்றார். பிறகு நிறத்தைச் சரியாகக் காட்டும் வேறு பட்டையை மாட்டினார். அதே பெட்டி, அதே பெயிண்ட். ஆனால் செங்காவி செங்காவியாகவே தெரிந்தது. பேரன் கைதட்டினான். நமக்கோ சுருக்கென்றது.

காரணம் இதுதான். அதற்கு இரண்டு மாதம் முன்பு நம் கடையில் பருப்பு சாம்பிள் தட்டுகளுக்கு மேல் மஞ்சள் பட்டை மாட்டியிருந்தோம். துவரம்பருப்பு தங்கமாக மின்னியது. நம்மிடம் பல வருடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் மூட்டை எடுத்துப் போனார். மறுநாள் ஒரு பிடி பருப்பை மடித்துக்கொண்டு வந்து கல்லாவில் கொட்டி, "ஏனுங்ண்ணா, உங்க கடைல ஒரு நிறம், எங்க கடைல ஒரு நிறமுங்களா?" என்றார். சரக்கு நல்ல சரக்குதான். கலப்படம் எதுவும் இல்லை. ஆனால் அவர் முகத்தில் அன்று பார்த்த சந்தேகத்தை இன்றும் நம்மால் மறக்க முடியவில்லை. மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். நம்பிக்கையைத் திரும்ப வாங்க அதிக நாள் ஆனது.

இது நம் ஒரு கடையின் கதை மட்டுமல்ல. தக்காளிக்குச் சிவப்பு, கீரைக்குப் பச்சை, பருப்புக்கு மஞ்சள் என்று விளக்குப் போடும் பழக்கம் பரவி வருகிறது. சீனாவில் காய்கறி, இறைச்சி விற்கும் இடங்களில் பொருளின் உண்மை நிறத்தை மாற்றிக் காட்டும் விளக்குகளை 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து தடை செய்தே விட்டார்கள். நம் மீதும் சட்டம் வந்த பிறகுதான் திருந்துவோம் என்பது வணிகனுக்கு அழகல்ல.

ஆகவே நம் அனுபவத்தில் சில வார்த்தைகள். அட்டையில் 'கே' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. மளிகைக்கு 4000 நடுநிலையானது. அடுத்தது 'சி.ஆர்.ஐ.' என்ற எண். இது நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100க்கு இத்தனை என்று கொடுக்கும் மதிப்பெண். 90க்குக் குறையாமல் கேளுங்கள். சுருளை விலை பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

அடாப்டரில் சிக்கனம் பிடிப்பது ஆபத்து. மீட்டருக்கு 14.4 வாட் பட்டை 5 மீட்டர் என்றால் 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். இதற்கு 100 வாட் அடாப்டர் வேண்டும். 60 வாட் மாட்டுவது, ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டை மாட்டு பாரம் ஏற்றுவது போல. நமக்குத் தெரிந்த ஒரு கடையில் பேப்பர் கவர் கட்டின் மேல் வைத்திருந்த அடாப்டர் உருகி, கடை சாத்தும் நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. அரை மணி முன்னதாகச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடாப்டர் காற்றோட்டமாக, சாக்குக்கும் அட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் தள்ளி இருக்கட்டும். பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பட்டையை அதில் உள்ள வெட்டுக் குறியில் மட்டும் வெட்ட வேண்டும். மாவுத்தூசி படிந்த மரத்தில் பசை நிற்காது. அலுமினியச் சட்டத்தை ஸ்க்ரூ போட்டு மாட்டி, அதற்குள் ஒட்டினால் சூடும் இறங்கும், தூசியும் அண்டாது.

நம் தகப்பனார் காலத்தில் வாங்க வந்தவர் ஒரு பிடி பருப்பை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். யாரும் அதைத் தப்பாக எடுத்ததில்லை. இன்றும் நம் வாடிக்கையாளரிடம், "வெளியில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டே வாங்குங்கள்" என்று நாம் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்லத் தயங்கினால் விளக்கை மாற்றுவோம். தராசுக்கு முத்திரை வைக்க அதிகாரி வருவார். வெளிச்சத்துக்கு முத்திரை வைக்க நம் மனச்சாட்சியைத் தவிர வேறு யாரும் வரப் போவதில்லை.