ஸ்கேனில் தெரியாத இடுப்பு வலி

கேள்வி: “வயது 43. நாற்று நடவு, களையெடுப்பு என்று வருடத்தில் பாதி நாள் குனிந்தேதான் வேலை. மூன்று வருடமாக இடுப்பு வலி. ஸ்கேன் எடுத்தோம். ‘டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, பயப்படும்படி ஒன்றும் இல்லை’ என்றார்கள். ஊசி போட்டால் நான்கு நாள் தாங்குகிறது, பிறகு பழையபடிதான். ‘ஸ்கேன்லயே ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, அப்புறம் என்ன வலி?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னதான் காரணம்?”

- மன்னார்குடி பகுதி வாசகி

பதில்: வலியும் உண்மை, ஸ்கேன் சொன்னதும் உண்மை. எலும்பு, டிஸ்க், நரம்பு ஆகியவற்றை ஸ்கேன் காட்டும். நாள் முழுக்க ஒரு தசை இறுகிக் கிடப்பதை அது காட்டாது. நீண்டநாள் இடுப்பு வலியில் பெரும்பாலானவற்றுக்கு எலும்பிலோ நரம்பிலோ இன்னதுதான் கோளாறு என்று சொல்ல முடிவதில்லை. அப்படிப்பட்ட வலிகளில் தசை இறுக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்ற சொல்லைக் கேட்டதுமே பலர் பாதி உயிராகிவிடுகிறார்கள். அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 52 சதவிகிதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. நாற்பதைத் தாண்டியவருக்குத் தலை நரைப்பது போலத்தான் இதுவும்.

தசை ஏன் இறுகுகிறது? குனியத் தொடங்கும்போது முதுகுத்தண்டின் இருபுறமும் ஓடும் நீளத் தசைகள் உடம்பைப் பிடித்துக்கொள்கின்றன. முழுக்கக் குனிந்ததும் அவை ஓய்ந்துவிட, எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் பாரத்தை ஏற்கின்றன. நாள்பட்ட வலி உள்ள பலருக்கு அந்த நேரத்திலும் தசை ஓய்வதில்லை. எப்போதோ பிடித்த ஒரு பிடிப்புக்குக் காவல் நின்ற தசை, பிடிப்பு போன பிறகும் காவலை விடுவதில்லை. காலில் அடிபட்ட மாடு, புண் ஆறிய பிறகும் கொஞ்ச நாள் அந்தக் காலை ஊன்றாமல் நடப்பதைப் பார்த்திருப்போம். அதே கதைதான். இறுகிய தசை வலிக்கும். வலித்தால் இன்னும் இறுகும்.

இதில் வயலுக்கு மட்டும் பங்கில்லை. எப்போதும் ஒரே பக்க இடுப்பில் குடம் வைப்பது, கைத்தெளிப்பானின் பட்டையை ஒரே தோளில் மாட்டுவது, கடன் தவணை நெருங்கும்போது தூக்கம் கெடுவது எல்லாமே சேர்ந்து இறுக்கும். கவலையால் தசை இறுகும் என்றால், வலி ‘மனப்பிரமை’ என்று அர்த்தமில்லை. இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டலாம்.

இறுக்க வலிக்குச் சில அடையாளங்கள் உண்டு. வலி இடுப்பிலும் புட்டத்திலும் நிற்கும், முழங்காலுக்குக் கீழே மின்னல் போல இறங்காது. கொஞ்சம் நடந்தால், வெந்நீர் ஊற்றினால் இளகும். முதுகுத்தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி அழுத்தினால் ‘அங்கேதான்’ என்று வலிக்கும். ஆனாலும் ஒருமுறை மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்வது நல்லது.

செய்ய வேண்டியதில் முதலாவது, நடவை நிறுத்துவது அல்ல, நடுநடுவே நிமிர்வது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பின் பின்னால் ஊன்றி, ஐந்து தடவை மெதுவாகப் பின்பக்கம் சாய வேண்டும். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகாது. நிரையில் உள்ள எல்லோரும் சேர்ந்து நிமிர்ந்தால் யாரும் பின்தங்கியதாகவும் தெரியாது. வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு உடனே நாற்றுக்கட்டையோ மூட்டையையோ தூக்கக் கூடாது. நெகிழ்ந்துபோன நார்கள் நிலைக்கு வர இரண்டு, மூன்று நிமிடமாவது நடக்க வேண்டும்.

மாலையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்து, வயிறு ஏறி இறங்கும்படி 10 நிமிடம் நிதானமாக மூச்சு விடலாம். பிறகு ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி இழுத்து 20 விநாடி பிடித்து விட வேண்டும். பக்கத்துக்கு மூன்று முறை. மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் பலன் பாதிதான். தவிட்டு ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம் எதுவானாலும் சரி, வேலை செய்வது சூடுதான். தோல் பொறுக்கும் அளவுக்கு இருக்கட்டும். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நான்கு நாளில் விட்டுவிடக் கூடாது.

படுத்தே கிடப்பதும் இடுப்புப் பட்டையை நம்பி இருப்பதும் உதவாது. நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பட்டை வழக்கமாகத் தேவையில்லை என்று உலக சுகாதார அமைப்பின் 2023 வழிகாட்டுதலே சொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள இயன்முறை சிகிச்சைப் பிரிவில் உடம்புக்கு ஏற்ற பயிற்சியைக் கற்றுத்தருவார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இயன்முறை சிகிச்சை உண்டு.

கருவியையும் பார்க்க வேண்டும். வரிசை நடவு செய்த வயலில் கோனோ வீடரை நின்றபடியே தள்ளலாம். மேட்டு நிலத்தில் களைக்கொத்தின் பிடி நீளமாக இருக்கட்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் குட்டைப்பிடி களைக்கொத்து 1975-ல் தடை செய்யப்பட்டது. அதைப் பிடித்துக் குனிந்தே வேலை செய்த பண்ணைத் தொழிலாளர்களின் முதுகு போனதுதான் காரணம்.

ஊசி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. என்ன மருந்து என்று கேட்காமல் அடிக்கடி போட்டுக்கொள்ளும் வலி ஊசியும், கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது.

வலியோடு காய்ச்சலோ, காரணமில்லாமல் எடை குறைவதோ, படுத்தாலும் குறையாத இரவு வலியோ இருந்தால், அல்லது விழுந்து அடிபட்ட பின் வலி வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் பலம் குறைந்தால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால் அன்றைக்கே, இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.