மிளகு மூட்டையும் ஒரு அமானிதம்தான்



அக்குறணை, மாத்தளைப் பக்கம் மிளகு யாவாரம் செய்யும் நம்மவர்களுக்கு 2017 டிசம்பர் மறந்திருக்காது. கிலோ 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த மிளகு வரக்கூடாது என்று இந்தியா நிபந்தனை போட்டது. அநியாயம் என்றோம்.

ஆனால் காரணத்தில் ஒரு பங்கு நம் நாட்டில்தான் இருந்தது. 2000 முதல் நடைமுறையிலுள்ள சுதந்திர வர்த்தக உடன்படிக்கை, இலங்கையில் விளைந்த மிளகுக்கே வரிச்சலுகை தந்தது. மலிவான வியட்நாம் மிளகு இங்கே இறங்கி, இலங்கை மிளகு என்ற பெயரில் அங்கே போகிறது என்று இந்திய விவசாயிகள் முறையிட்டார்கள். பிறகு நமது அரசும் மீள்ஏற்றுமதிக்காக மிளகு இறக்குமதி செய்வதைத் தடுத்தது.

சிலர் செய்த வேலைக்கு, வீட்டுத் தோட்டத்தில் நாலு கொடி வைத்திருப்பவரும், நேர்மையாக அனுப்பிய யாவாரியும் விலை கொடுத்தார்கள். சட்டம் மாறும்போது ஆள் பார்த்து மாறுவதில்லை.

எங்கே விளைந்தது என்று காட்டும் சான்றிதழ் வெறும் கடதாசி அல்ல, நாம் சொல்லும் சாட்சி. பொய்ச் சாட்சியில் வந்த காசு ஹலாலாகுமா?

கடும் சட்டங்களை எதிர்த்துக் குரல் கொடுப்போம். ஆனால் மூட்டை மாற்றுபவரை முதலில் நமது சந்தையிலேயே தட்டிக் கேட்போம். அப்போதுதான் நம் குரலுக்கு மதிப்பிருக்கும்.