எரிச்சல் யாருக்கு, யாரால்?

'எரிச்சல் வருது' என்கிறோம். யார் கிளப்பினார்கள் என்று சொல்லாமலே பேச்சு முடிந்துவிடுகிறது. கொரியர்களும் இப்படித்தான் 'ச்சாஜுங் நாதா' என்பார்கள். ச்சாஜுங் என்றால் எரிச்சல், நாதா என்றால் கிளம்புவது. ஆங்கில 'அனாய்' அப்படி விடாது. எரிச்சல் மூட்டுகிறவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார்கள் தயாராகத் தொடங்கியபின் சென்னையில் கொரியக் குடும்பங்கள் பெருகினவல்லவா? எங்கள் மாடியிலும் ஒரு இளம் தாய் குடியிருக்கிறாள். பள்ளியில் அவள் பையனை இரண்டு வாண்டுகள் சீண்டிக்கொண்டே இருந்தன. டீச்சருக்கு அவள் எழுதிய சீட்டில் 'மை சன் இஸ் அனாயிங்' என்றிருந்தது. ஐயோ, தொல்லை தருவதே அவள் பிள்ளை என்றல்லவா ஆகிவிடும்! நல்லவேளை, கொடுத்தனுப்புமுன் என்னிடம் காட்டினாள். 'டூ பாய்ஸ் அனாய் மை சன்' என்று மாற்றி எழுதினாள்.

சீண்டுகிறவன் 'அனாயிங்', அதனால் கடுகடுப்பவன் 'அனாய்ட்'. ராத்திரி காதருகே பாடும் கொசு அனாயிங், தூக்கம் கெட்ட நாம் அனாய்ட் என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். நம் பெண்கள் சிலர் சலிப்புத் தட்டினால் 'ஐ ஆம் போரிங்' என்கிறார்களே, அதுவும் இதே கோளாறுதான். அப்படிச் சொன்னால், சலிப்பு எதிரே இருப்பவருக்கு!