கறுத்த விரலும் அவசரக் கத்தியும்

குடவாசல் பக்கம் யாருக்காவது சர்க்கரைப் புண்ணில் கால்விரல் கறுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "மேல ஏறுறதுக்குள்ள எடுத்துடுங்க." அக்கறையில் சொல்வதுதான். பாதி தப்பு.

சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிர்தான் பெரிது, எடுத்தே ஆகவேண்டும். காய்ந்து சுருங்கிக் கறுத்த விரல் அப்படியல்ல. முழங்காலுக்குக் கீழே இறங்கும் மூன்று தமனிகள் அடைபட்டு, ரத்தமில்லாமல் செத்த விரல் அது. அதை வெட்டினாலும் வெட்டிய இடம் ஆற ரத்தம் வேண்டுமே? அடைப்பைப் பார்க்காமல் விரலை எடுத்தால், புண் ஆறாமல் பாதம், அப்புறம் முழங்கால் என்று கத்திதான் மேலே ஏறும். "பரவிடுச்சு" என்று ஊர் சொல்வதில் பல இந்தக் கதைதான்.

அடைப்பை ஆஞ்சியோவில் திறக்கலாம் என்றால், "ஆஞ்சியோ நெஞ்சுக்குத்தானே?" என்பார்கள். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் முதன்முதலாகக் குழாய் செலுத்தி அடைப்பை விரித்ததே ஒரு காலில்தான். 82 வயதுப் பாட்டி. விரல் அழுகியும் காலை எடுக்கச் சம்மதிக்காதவர். சாகும்வரை சொந்தக் காலில் நடந்தார். அடைப்பை விரிக்கும் பலூன் இதயத்துக்கு வந்தது 1977-ல்.

"திரும்ப அடைச்சுக்கும், காசு வீண்." அடைத்துக்கொள்ளும்தான், முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய தமனிகள் சில மாதங்களில் மறுபடி சுருங்குவதுண்டு. ஆனால் புண் ஆறுவதற்குத்தான் ரத்தம் நிறைய வேண்டும். ஆறிய தோலுக்குக் கொஞ்சம் போதும். கதிர் பால்பிடிக்கும்வரை வயலில் தண்ணீர் நிறுத்துகிறோம், முற்றியதும் வடித்துவிடுகிறோம் இல்லையா? பலூனா, சொந்தக் காலின் சிரையை எடுத்து வைக்கும் மாற்றுப்பாதையா என்பதில் 2022, 2023-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் எதிரெதிராகப் பேசின. வெட்டுவதே முதல் வழி என்று இரண்டும் சொல்லவில்லை. (அடைப்பெடுத்துவிட்டு வாசலில் நின்று பீடி பற்றவைத்தால், நான் எழுதியதெல்லாம் வீண்.)

"வலியே இல்லையே" என்பதுதான் இருப்பதிலேயே மோசம். சர்க்கரையில் மரத்த கால் எப்படி வலிக்கும்? நடவுச் சேற்றில் நத்தை ஓடு கிழித்ததுகூடத் தெரியாமல் வரப்பேறி வருகிற கால் அது.

காலை எடுக்கக் கையெழுத்துக் கேட்டால், "டாப்ளரில் ரத்த ஓட்டம் பார்த்தாச்சா, ரத்தநாள மருத்துவர் பார்த்தாரா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தொடுங்கள். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.