சிலிக்கான் வேலி: வேலை ஒரு கவுன்டியில், வீடு இன்னொரு கவுன்டியில்... ஏன் இப்படி?

அமெரிக்காவின் ‘பே ஏரியா’ என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது சான் ஃபிரான்சிஸ்கோதான். ஆனா, பெரிய டெக் நிறுவனங்கள் பலவும் அந்த ஊரில் இல்லை. ஆப்பிள் தலைமையகம் கூப்பர்டினோவில், கூகுள் மவுன்டன் வியூவில், என்விடியா சான்டா கிளாராவில். மூன்று ஊர்களும் தெற்கே இருக்கும் சான்டா கிளாரா கவுன்டிக்குள் வருபவை. கவுன்டி என்பது கிட்டத்தட்ட நம்ம ஊர் மாவட்டம் மாதிரி.

பே ஏரியா எவ்வளவு பெரிசு?

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள 9 கவுன்டிகள், அவற்றுக்குள் 101 நகரங்கள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 77 லட்சம். இதில் பெரிய நகரம், 10 லட்சம் பேர் வாழும் சான் ஹோசே.

வீடு ஏன் கிடைப்பதில்லை?

முதல் காரணம் நிலம். நடுவில் விரிகுடா, மேற்கே மலையும் பசிபிக் கடலும், கிழக்கேயும் மலை. சமவெளி குறைவு.

இரண்டாவது, அதிகாரம். எங்கே என்ன கட்டலாம் என்பதை அந்தந்த நகரமே முடிவு செய்கிறது. பல நகரங்கள் பெரும்பாலான குடியிருப்பு நிலத்தைத் தனி வீடுகளுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருந்தன.

மூன்றாவது, வரி. 1978ல் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘ப்ரொபோசிஷன் 13’, சொத்து வரிக்கு 1 சதவீத உச்சவரம்பு வைத்தது. வீடு கைமாறாத வரை, வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விளைவு? புது வீடுகள் வந்தால் நகரத்துக்கு ரோடு, பூங்கா, போலீஸ் என்று செலவு. கடைகள் வந்தால் விற்பனை வரியில் பங்கு. நகராட்சி எதை விரும்பும்னு சொல்லவே வேண்டாம்.

ரயில் இருக்கே?

இருக்கு, ஆனா லேட். ‘பார்ட்’ ரயில் திட்டத்தில் சான்டா கிளாரா கவுன்டி ஆரம்பத்திலேயே சேரவில்லை. சான் மட்டேயோ 1961லும், மரின் 1962லும் விலகின. 1972ல் ஓடத் தொடங்கிய ரயில், சான் ஹோசேவைத் தொட்டது 2020ல்தான்.

அடி யாருக்கு?

மென்பொருள் பொறியாளர் எப்படியோ வாடகையைச் சமாளித்துவிடுவார். ஆபீஸைச் சுத்தம் செய்பவரும் சமையல்காரரும் என்ன செய்வார்கள்? பலர் மலை தாண்டி ட்ரேசி, ஸ்டாக்டனில் குடியேறுகிறார்கள். அவை 9 கவுன்டிகளுக்கு வெளியே, சான் வாகீன் கவுன்டியில் இருக்கின்றன. ஸ்டாக்டனிலிருந்து சான் ஹோசேவுக்கு ரயிலில் சுமார் 138 கி.மீ. ஒரு வழிக்கே 2 மணி நேரத்துக்கு மேல்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கு. ஆபீஸ் கட்டடத்தின் வரி ஒரு கவுன்டிக்கு. அங்கே உழைப்பவரின் குடும்பத்துக்கான பள்ளி, ரோடு செலவு இன்னொரு கவுன்டிக்கு.

தீர்வு?

2021ல் கலிஃபோர்னியா அரசே களமிறங்கியது. தனி வீட்டு மனையில் இரண்டு வீடுகள் கட்ட வழிசெய்யும் சட்டம் வந்தது. ஆனா, கட்டுமானச் செலவும் நிலத்தின் விலையும் அப்படியே இருக்கும்போது, சட்டம் மட்டும் வீடு கட்டிவிடாது.

பே ஏரியாவிலிருந்து ஆஃபர் வந்தால், சம்பளத்தோடு சேர்த்து ஒன்றைக் கேளுங்கள்: ஆபீஸ் எந்த ஊர், அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு கட்டுப்படியாகும்?