மட்டி என்று இகழலாமோ?

"சாந்திபுரத்தானுக்கு மட்டியைப் பற்றி என்ன கவலை?" என்று விடுதி நண்பர் ஒருவர் நகைத்தார். கடல் நமக்கு நெடுந்தொலைவு. நகைப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயின், ஏரியில் நத்தை பொறுக்கி வந்து, மூலத்துக்கு நல்லது என்று வேகவைத்து உண்பார் நம் நாட்டுப்புறத்தில் இல்லையா? நத்தை, மட்டி, சிப்பி, கணவாய் எல்லாம் மெல்லுடலிகள் என்னும் ஒரே குலந்தான். அவற்றை உண்பாரைக் கண்டு முகம் சுளிப்பதும் நம்மிடம் ஒரே மாதிரிதான். அறிவிலியை 'மட்டி' என்று வைகிறோமே, மட்டிக்கு வாயிருந்தால் வழக்குத் தொடுத்திருக்கும்!

நண்பர்களே! இயற்கையில் விளைவதை அள்ளியுண்ணும் இத்தொழில் உலகில் எந்நிலையில் இருக்கிறது? சிப்பி, மட்டி வகைகளில் பெரும்பகுதி இன்று வளர்ப்பில் கிடைப்பது. சீனா அதில் முதலிடம். கணவாய் இனமோ இன்றும் கடல் தருவதே. 2014-இல் உலகம் பிடித்தது ஏறத்தாழ 48 லட்சம் டன். அடுத்து வந்தது வீழ்ச்சி. 2015-க்கும் 2016-க்கும் இடையே மூன்று முதன்மை வகைகளில் மட்டும் 12 லட்சம் டன் குறைந்தது. அர்ஜென்டினக் கணவாய் நூற்றுக்கு 86 பங்கு வீழ்ந்தது. ஓராண்டே வாழும் உயிர். கடல்நீர் மாறினால் விளைவும் பொய்க்கும். அந்நாட்டு எல்லைக்கு அப்பாலுள்ள பொதுக்கடலிலோ பல நாட்டுக் கப்பல்கள் இரவெல்லாம் விளக்கேற்றிப் பிடிக்கின்றன. 'போதும், நிறுத்துங்கள்' என்று அவற்றுக்குச் சொல்ல ஓர் அமைப்பு இல்லை.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலில், அயல்நாட்டு வாணிகம் பெருகியதால் மட்டி எடுப்பு 1991-இல் 10,000 டன்னை எட்டியது. 1993-இல் அது பாதியாயிற்று. கண்ணெதிரே காயல் வெறுமையாவதைக் கண்டவர்கள், அறிஞர் சொல் கேட்டு, இனப்பெருக்கக் காலமாகிய டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கைவைப்பதில்லை என்று ஒப்பினர்; சிறுமட்டி தப்பிப் போக வலைக்கண்ணையும் அகலமாக்கினர். விளைவு மீண்டது. 2014-இல் உலகக் கடல்வளக் காப்புச் சான்றும் பெற்றனர். இந்திய மீன்பிடித் தொழிலில் அதுவே முதல்.

மூன்று மாதம் அடுப்பெரிய வழி என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. வணிகன் வேறு சரக்குக்குப் போவான். நீரில் மூழ்கி எடுப்பவன் எங்கே போவான்? கீழைக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்கு ஆந்திரமும் தமிழகமும் நிவாரணம் தருகின்றன. காயலில் கையால் எடுப்பவனுக்கும் அது வேண்டும். அதைத் தராமல் தடை மட்டும் விதிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இது ஏதோ கொல்லத்துக் கதை அன்று. பழவேற்காடு ஏரியின் ஒரு பகுதி 2022 முதல் நம் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள மீனவர் இறால் பிடிக்க 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கின்றனர்: யார், எங்கே, எந்நாள் வலை கட்டுவது என்பதைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். எந்த அரசாணையும் கற்றுத் தந்ததன்று அது. இறாலுக்கு இவ்வளவு அறிவோடு முறை வகுத்தவர்களுக்கு மட்டிக்கு வகுக்கத் தெரியாதா? அவர்களை யாராவது கேட்டோமா?

ஆண்டுதோறும் நம் சங்கச் சுற்றுலா ஏழுமலையானைத் தரிசித்ததும் திரும்பிவிடுகிறது. இம்முறை சூலூர்ப்பேட்டை வழியாக ஏரிக்கரை வரை போகலாம் என்று செயலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பார்த்து நகைத்த நண்பரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்.